முகூர்த்த நாளில் இறங்கிய முள்

கல்யாண மாப்பிள்ளை வாயே திறக்கக் கூடாது என்று முதன்முதலில் சொன்ன மனுஷன் நிச்சயமாகக் காரில் போயிருக்க மாட்டான். நயா பைசா என்று புதுக்காசு வந்த மறுவருஷம், வைகாசி மாதம், விடிந்தும் விடியாத நேரத்தில் நார்த்தாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தன் கல்யாணத்துக்குப் புறப்பட்ட ரெங்கராஜ் அப்படித்தான் வாயை இறுக மூடிக்கொண்டு காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தான். ஒரு பக்கம் ஆத்தா பிச்சையம்மாள், மறுபக்கம் தங்கை அமராவதி, நடுவில் பட்டு வேட்டியும் கழுத்து மாலையுமாக அவன். ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தவர் தாய்மாமன் நாகராசு.

அந்தக் காரை ஏழு வருஷமாக ஓட்டுகிறவனே ரெங்கராஜ்தான். புதுக்கோட்டையில் வாடகைக் கார் வைத்திருந்த அவன் முதலாளி, "ஒன் கல்யாணத்துக்கு நீ ஓட்டுற வண்டியிலயே போய்ட்டு வா" என்று மனசாரக் கொடுத்திருந்தார். ஆனால் முந்தின நாள் அவன் கையில் காப்புக் கட்டியாயிற்று. காப்புக் கட்டியவன் அதை அவிழ்க்கிற வரைக்கும் எந்த வேலையிலும் கைவைக்கக் கூடாது. பிச்சையம்மாள் இந்த விஷயத்தில் தாசில்தாரை விடக் கறாரானவள். "ஸ்டீரிங்கு கீரிங்குன்னு கையை நீட்டினே, காப்போட சேத்து ஒன் கையையும் கட்டிப்புடுவேன் அப்பு" என்று சொல்லித்தான் காரில் ஏற்றினாள்.

சரி, வேறு டிரைவர் வைத்துக்கொள்ளலாமே என்றால், அதற்கு நாகராசு இருந்தார். உலகச் சண்டைக் காலத்தில், பெட்ரோல் கிடைக்காமல் கரி வாயுவில் ஓடிய பஸ்ஸை இரண்டு வருஷம் ஓட்டியவர். லைசென்ஸை இன்னமும் மடித்துப் பையில் வைத்திருந்தார். "தாய்மாமன் நான் இருக்கேன், அந்நியன் எதுக்கு?" என்று கேட்டுவிட்டார். அவர் கோபக்காரர். அண்ணன் மகள் கல்யாணத்தில் தாம்பூலத்தைத் தனக்கு இரண்டாவதாக நீட்டினார்கள் என்று சாப்பிடாமல் எழுந்து போனவர், மூன்று வருஷம் அந்த வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. அவரை யார் போய் வேண்டாம் என்பது?

ரெங்கராஜுக்குப் பயமெல்லாம் ஒன்பது மணிக்குப் பெண் வீட்டு வாசலில் போய் நிற்பதைப் பற்றித்தான். ஆவுடையார்கோயில் பக்கத்துக் கிராமத்தில் பெண் வீடு. பெண்ணின் அப்பா ஆத்மநாதன் நல்ல விவசாயி, நாணயமானவர். ஆனால் மோட்டார் தொழிலில் அவருக்குத் துளி நம்பிக்கை கிடையாது. பரிசம் போட வந்தவர்களிடம் முகத்துக்கு நேரே சொன்னார். "தம்பி, கோவிச்சுக்கிறக் கூடாது. மாடுன்னா பசிச்சா கத்தும், நோவுன்னா படுக்கும். ஒங்க வண்டி எப்ப நிக்கும்னு யாருக்குத் தெரியும்? எம்மக ராசாத்தி காலம்பூரா வாசல்ல நின்னு ரோட்டைப் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

உள்ளே கதவோரம் ராசாத்தியின் வளையல் ஒரு தடவை குலுங்கியது. அந்தச் சத்தம் கொடுத்த துணிச்சலில் ரெங்கராஜ் சொல்லிவிட்டான்: "முகூர்த்தத்தன்னைக்கு ஒம்பது மணிக்கு வண்டியை ஒங்க வாசல்ல நிப்பாட்டுறேன் மாமா. ஒரு எடத்துலயும் நிக்காம வரும். நின்னுச்சுன்னா அப்பறம் நீங்க என்ன வேணாலும் சொல்லுங்க." சொன்ன பிறகுதான் இதை ஏன் சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டான். மோட்டார் தொழிலில் இருக்கிற எவனும் இப்படிச் சபதம் போடமாட்டான்.

போதாததற்கு அமராவதி ஒரு காரியம் செய்திருந்தாள். செவ்வந்தி, மல்லிகை, மரிக்கொழுந்து எல்லாம் நெருக்கித் தொடுத்து, பாய் மாதிரி அகலமாக ஒரு பூத்தட்டி கட்டி, அதைக் காரின் மூக்கில் மூடித் தொங்கவிட்டிருந்தாள். இரண்டு ஓரமும் வாழைக்கன்று, மேலே மாவிலை. பார்த்தவர்கள் எல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறைதான். ரெங்கராஜுக்கு மட்டும் அதைப் பார்த்ததும் பகீர் என்றது. காருக்குள் கொதிக்கிற தண்ணீர் காற்றுப்பட்டு ஆறுவது அந்த மூக்கில் இருக்கிற ரேடியேட்டர் வழியாகத்தான். "அமரா, நடுவுல கொஞ்சம் வெலக்கிவிடு" என்று வாயைத் திறந்தான். "ராவெல்லாம் கண்ணு முழிச்சுக் கட்டுனேன் அண்ணே" என்றாள் அவள், கண் கலங்க. "கல்யாண வண்டியில கட்டுன பூவைப் பிய்ப்பாகளா?" என்றாள் ஆத்தா. அதோடு அவன் வாய் மூடியதுதான்.

புதுக்கோட்டையைத் தாண்டும் வரை எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. நாகராசு தெருநாய்க்கும் ஹாரன் அடித்தார், ஒதுங்கி நின்றவர்களுக்கும் அடித்தார். ரெங்கராஜின் கண் மாமாவின் தோளுக்கு மேலாக டேஷ்போர்டிலேயே இருந்தது. அங்கே வட்டமான கண்ணாடிக்குள் ஒரு சின்ன முள், என்ஜின் தண்ணீரின் சூட்டைப் பாரன்ஹீட் கணக்கில் சொல்கிற முள். வண்டி கிளப்பும்போது அடியில் நூற்றுக்குப் பக்கத்தில் கிடக்கும். ஓட ஓட எழுந்து, நூற்று எண்பதில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அங்கே இருக்கிற வரைக்கும் டிரைவர் பாட்டுப் பாடலாம். இருநூற்றுப் பன்னிரண்டுக்குப் போனால் தண்ணீர் கொதிக்கிறது என்று அர்த்தம். அதற்கு முன்னாலேயே பாட்டை நிறுத்திவிட வேண்டும்.

அறந்தாங்கிக்குள் நுழையும்போது முள் இருநூற்றில் நின்றது.

ரெங்கராஜ் இருமினான். மாமா திரும்பவில்லை. கொஞ்சம் பலமாக இருமினான். பிச்சையம்மாள் முந்தானை முடிச்சிலிருந்து சுக்கை எடுத்து அவன் வாயில் திணித்தாள். முள் இன்னும் ஒரு கோடு ஏறியது. சுக்கோடு சேர்த்து இருமினான். "மாப்பிள்ளைக்குக் காத்து ஒத்துக்கல, கண்ணாடியை ஏத்து" என்றார் நாகராசு. கண்ணாடிகள் ஏறின. உள்ளே நான்கு பேரும் வேர்வையில் குளித்தார்கள்.

"மாமா, அந்த முள்ளு..." என்று கடைசியில் மெதுவாக ஆரம்பித்தான்.

"நான் பாக்காத முள்ளா?" என்றார் நாகராசு. உண்மையில் அவர் பார்க்காத முள்தான். கரி பஸ்ஸில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. "வண்டிக்கு இப்பத்தான் ரத்தம் சூடேறியிருக்கு. காலையில மந்தமா இருந்துச்சுல்ல? முள்ளு ஏற ஏற வண்டி உற்சாகமாகும். நீ தலையைக் குனிஞ்சு மாப்பிள்ளையா உக்காரு."

இதில் பாதி நிஜம் இருந்தது. குளிர்ந்த என்ஜின் மந்தமாகத்தான் ஓடும். பாதி நிஜம் பேசுகிறவரிடம் வாதாடி ஜெயிப்பது மகா கஷ்டம். அதிலும் அவர் கோபித்துக்கொண்டு பாதி வழியில் இறங்கிவிடக்கூடிய தாய்மாமனாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அறந்தாங்கி கடந்து மூன்று மைல் வரை ரெங்கராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். முள் இருநூற்றுப் பன்னிரண்டைத் தொட்டது. வண்டிக்குள் ஒரு வாசம் வந்தது.

"ஆத்தா, பூவை வேகவச்ச மாதிரி வாசம் வருதுல்ல?" என்றாள் அமராவதி.

அப்போதுதான் அது நடந்தது. உச்சியில் இருந்த முள் ஒரு நடுக்கம் நடுங்கிவிட்டு, விறுவிறுவென்று இறங்கியது. நூற்று எண்பது, நூற்று நாற்பது, நூறு. அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"பாத்தியா!" என்று நாகராசு ஸ்டீரிங்கில் ஒரு தட்டுத் தட்டினார். "இம்புட்டுக்குத்தான் அந்த இருமல் இருமுனே. தானா குளுந்துருச்சு. அனுபவம்னா சும்மாவா?" பிச்சையம்மாள் தம்பியின் பின்மண்டைக்குத் திருஷ்டி கழித்தாள்.

முள் ஏறும்போது ரெங்கராஜுக்கு வந்த பயம் இந்தப் பயத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. "நிறுத்துங்க மாமா! இப்பவே நிறுத்துங்க!" என்று அவன் போட்ட சத்தத்தில், நாகராசு யோசிக்காமல் பிரேக்கை மிதித்துவிட்டார். ரெங்கராஜ் முன்பக்கம் எட்டி, காப்புக் கட்டின கையாலேயே சாவியைத் திருகி என்ஜினை அணைத்தான்.

வண்டி ஒரு கண்மாய்க்கரை ஓரம் நின்றது. மணி எட்டு. முன்னால் தொங்கிய செவ்வந்தியெல்லாம் வெந்து துவண்டிருந்தது.

"குளுந்த வண்டியை எதுக்குடா நிறுத்தினே?" என்றார் நாகராசு. முகம் சிவந்துவிட்டது.

"குளுரல மாமா. தண்ணி பூராக் கொதிச்சு வெளிய போயிருச்சு. அந்த முள்ளோட வேரு உள்ள தண்ணிக்குள்ள இருக்கு. தண்ணியோட சூட்டைத்தான் அதுக்குச் சொல்லத் தெரியும். தண்ணியே இல்லாட்டி அது எதைச் சொல்லும்? செத்த மாதிரி கீழ விழுந்துரும். இன்னும் ஒரு மைல் ஓடியிருந்தா என்ஜின் அம்புட்டும் இறுகிப் போயிருக்கும்."

நாகராசு நம்பவில்லை. பிச்சையம்மாள்தான் மோவாயில் கைவைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். "ஏன்டா அப்பு, ஒலையில தண்ணி வத்திப்போச்சுன்னா கொதிக்கிற சத்தம் நின்னுபோகும். சத்தம் நின்னுருச்சேன்னு அடுப்பை எரியவிட்டுட்டுப் போனா, திரும்பி வாரப்ப பானை கருகிக் கெடக்கும். அந்தக் கணக்கா?"

"அதேதான் ஆத்தா!" என்றான் ரெங்கராஜ். ஏழு வருஷமாக இதைப் பலருக்குச் சொல்லியிருக்கிறான். இவ்வளவு தெளிவாக அவனுக்கே சொல்ல வந்ததில்லை.

விஷயம் புரிந்ததும் பிச்சையம்மாளுக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. சீர்வரிசையில் இருந்த பித்தளைக் குடத்தை எடுத்து அமராவதியிடம் கொடுத்து, கண்மாயில் மோந்து வரச் சொன்னாள். கண்மாயின் பள்ளத்தில் கிடந்த தண்ணீரை அவள் தூக்கிக்கொண்டு வந்ததும், நாகராசு வாங்கி நேராக ரேடியேட்டரில் கவிழ்க்கப் போனார். ரெங்கராஜ் குறுக்கே விழுந்து குடத்தைப் பிடித்துக்கொண்டான். காய்ந்த இரும்பில் பச்சைத்தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். என்ஜின் மேல் கைவைத்துப் பொறுக்கிற அளவுக்கு ஆறின பிறகுதான் ஊற்ற வேண்டும். அதற்கு முக்கால் மணி நேரமாவது ஆகும்.

"முக்கால் மணியா? முகூர்த்தம் ஒம்பது டு பத்தரைடா!" என்று பிச்சையம்மாள் மார்பில் கைவைத்தாள். "எனக்குத் தெரியாத மோட்டாரா? ஒருத்தன் பேச்சையும் கேக்காதவனுக்கு நான் எதுக்கு வரணும்?" என்று நாகராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்க் கண்மாய்க்கரைப் பனையடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து அறந்தாங்கியிலிருந்து பஸ் வந்தது. பூக்கட்டின கார் ரோட்டோரம் நிற்பதையும், பட்டு வேட்டியோடு ஒருவன் குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதையும் பார்த்துப் பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் நல்ல மனுஷன். "மாப்பிள்ளை, ஏறிக்கங்க. ஒம்பதுக்குள்ள எறக்கிவிட்டுர்றேன்" என்றார்.

பிச்சையம்மாள் மகனைத் தள்ளினாள். "போய்யா, நாங்க பின்னால வாரோம்."

ரெங்கராஜ் பஸ் படியில் ஒரு காலை வைத்துவிட்டான். ஒன்பது மணிக்கு வாசலில் நிற்கலாம். வாக்கு பாதியாவது பிழைக்கும். திரும்பிப் பார்த்தான். பனையடியில் இருந்த மாமா இப்போது இந்தப் பக்கம் திரும்பி, பஸ் எப்போது போகும் என்று குடத்தின் மேலேயே கண்ணாக இருந்தார். தான் ஏறின மறுநிமிஷம் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். முதலாளி நம்பிக் கொடுத்த வண்டி. ஏழு வருஷச் சோறு. அவன் காலை எடுத்துவிட்டான். பஸ் போய்விட்டது.

போன பஸ், செய்தியைச் சும்மா வைத்திருக்குமா? பெண் ஊர் எல்லையில் மேளத்தோடு காத்திருந்த கூட்டத்திடம் அப்படியே கொட்டிவிட்டுப் போயிற்று. எட்டே முக்காலுக்கு ரோட்டில் ஒரு வில்வண்டி பறந்து வந்தது. அதிலிருந்து இறங்கியவர் ஆத்மநாதன்.

ரெங்கராஜுக்கு அப்படியே கண்மாய்க்குள் இறங்கிப் போய்விடலாம் போலிருந்தது.

ஆத்மநாதன் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். வெந்த பூவைப் பார்த்தார். "வண்டியில ஏறுங்க தம்பி. என் மாடு நிக்காது" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் ரெங்கராஜுக்கு இன்னும் வலித்தது.

"நின்னுருச்சு மாமா" என்றான். "வண்டி மேல குத்தமில்ல. பொறப்புடறப்பவே பூ மறைக்கும்னு எனக்குத் தெரியும். அறந்தாங்கியிலயே முள்ளு சொல்லுச்சு. நான்தான் மாப்பிள்ளைன்னு வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். இன்னும் கால்மணி நேரத்துல ஆறிரும். ஆறலேன்னா ஒங்க மாட்டு வண்டியில வாரேன். நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன்."

"பஸ்சு வந்துச்சாமுல்ல? ஏறியிருக்கலாமே."

ரெங்கராஜ் பனையடிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். மாமாவைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. "சூட்டுல யாராச்சும் தண்ணியை ஊத்திப்புட்டா என்ஜின் வெடிச்சுரும் மாமா. விட்டுட்டு வர முடியல" என்றான்.

ஆத்மநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைல்கல் மேல் உட்கார்ந்தார். "அது என்ன முள்ளு?" என்றார்.

சொன்னான். அவர் எழுந்து வந்து காருக்குள் தலையை நீட்டிப் பார்த்தார். கீழே கிடந்தால் என்ன, நடுவில் நின்றால் என்ன, மேலே போனால் என்ன, திடுக்கென்று விழுந்தால் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நடுவில் பிச்சையம்மாள் உலைக் கணக்கையும் சொன்னாள். "அப்ப வண்டியும் கத்தத்தான் செய்யுது, நமக்குத்தான் கேக்கத் தெரியல" என்றார் அவர்.

ஒன்பதுக்கு என்ஜின் கைபொறுக்கிற பதத்துக்கு வந்தது. ரெங்கராஜ் தன் புதுத் துண்டை மடித்து ரேடியேட்டர் வாயில் பிடித்து, தண்ணீரை வடிகட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். அமராவதி பூத்தட்டியைத் தானே அவிழ்த்துக் கீழே போட்டாள். வில்வண்டி மாடுகள் அதைச் சந்தோஷமாகத் தின்றன.

"மாமா, வாங்க. நீங்கதான் ஓட்டணும்" என்று ரெங்கராஜ் பனையடிக்குப் போய்க் கூப்பிட்டான். "தாய்மாமன் ஓட்டாம என் கல்யாண வண்டி ஊருக்குள்ள போகுமா?" நாகராசு மூன்றாவது அழைப்பில்தான் எழுந்தார். ஆனால் எழுந்தார்.

வில்வண்டியை வண்டிக்காரனோடு பின்னால் வரச் சொல்லிவிட்டு, முன்சீட்டில் அவர் பக்கத்தில் ஆத்மநாதன் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் கண்ணை எடுக்காமல் முள்ளையே பார்த்தார். "நூத்தி இருவது... நூத்தி அறுவது... நூத்தி எம்பது, நின்னுருச்சு! சம்பந்தி, கொஞ்சம் மெதுவா!" என்று நாகராசுவை விரட்டினார். நாகராசுவும் சம்பந்தி சொல்கிறாரே என்று பெட்டிப்பாம்பாக மெதுவாகப் போனார். பின்சீட்டில் இருந்த ரெங்கராஜ் மட்டும் சிரிக்கவில்லை. சொன்ன வாக்கு போய்விட்டது, ஊரே பஸ்காரன் வாயால் கேட்டுவிட்டது. இனி ராசாத்தி முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்துக்கொண்டே வந்தான்.

வாசலில் வண்டி நின்றபோது ஒன்பதே முக்கால். கூட்டம் நெருக்கியது. ஆத்மநாதனின் பெரியப்பா மகன் ஒருவர், மோட்டார் மாப்பிள்ளை வேண்டாம் என்று ஆரம்பத்திலிருந்தே குறுக்கே நின்றவர், முன்னால் வந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார். "என்னப்பா ஆத்மநாதா, மாப்பிள்ளை வண்டி நடுரோட்டுல படுத்துக்கிருச்சாமே? அன்னைக்கே நான் சொன்னேனா இல்லையா?"

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். உள்கட்டுக் கதவோரம் ராசாத்தி நிற்பது ரெங்கராஜுக்குத் தெரிந்தது. ஆமாம், நின்றுவிட்டது என்று ஒத்துக்கொள்ளத்தான் கீழே இறங்கினான்.

அதற்குள் ஆத்மநாதன் கதவைத் திறந்து முன்னால் வந்துவிட்டார். நாற்பது வருஷமாக ஒரு பொய்யும் சொல்லாதவர் என்று அந்தப் பக்கத்தில் பெயர் வாங்கிய மனுஷன் அவர்.

"வண்டி எங்கப்பா படுத்துச்சு?" என்றார். "நான்தான் நிறுத்தச் சொன்னேன். அதுக்குள்ள ஒரு முள்ளு இருக்கு, அது என்னான்னு தெரிஞ்சுக்காம எனக்கு ஏற மனசு வரல. மாப்பிள்ளை ஒக்காந்து பொறுமையா சொல்லிக் கொடுத்தாரு. நேரமாச்சுன்னா அது என் தப்பு. மோளத்தை அடிக்கச் சொல்லு!"

நாயனம் ஊத ஆரம்பித்தது. ரெங்கராஜுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கலாம் என்றால் துண்டு முழுக்கக் கண்மாய்ச் சேறு. கதவோரத்தில் வளையல்கள் குலுங்கக் குலுங்கச் சிரித்தது யார் என்று அவன் நிமிர்ந்து பார்த்தான். தலையைக் குனியச் சொல்லிப் பிச்சையம்மாள் அவன் முதுகில் இடித்தாள்.